ஒன்பதாம் சேனல் கிளிப்

விமானம் காணாமல்போனால் முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஓடுவார்கள். ஓடினால் கண் தரைக்குப் போய்விடும், விமானம் கடைசியாகத் தெரிந்த இடம் மனதிலிருந்து நழுவிவிடும். அப்புறம் கோதுமைக்குள் நாள் முழுக்க அலைய வேண்டியதுதான். நின்ற இடத்திலேயே நின்று, அது மறைந்த திக்கில் ஒரு தண்ணீர்த் தொட்டியோ வேலிக்கம்பமோ எதையாவது அடையாளம் வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். எங்கள் மாடல் விமான கிளப்பில் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. பாதிப் பேர் காதில் வாங்குவதில்லை.

டீக்கு நன்றி, சார்ஜென்ட். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை.

நீங்கள் கடற்கரைப் பக்கத்திலிருந்து இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தவர், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். கிளப்பில் எங்களோடு இருக்கும் காலினின் கோதுமை நிலம்தான் எங்கள் மைதானம். தெற்கே உப்பு ஏரி. வடக்கு வேலியை ஒட்டி என் வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் மல்லீக் காடு. மரம் என்று சொல்ல முடியாது, வேரிலிருந்தே நாலைந்து தண்டாகக் கிளம்பி ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும். மணல்மேடு, பள்ளம், மறுபடி மணல்மேடு. எல்லாம் ஒரே அச்சு. உள்ளே போய் ஒரு முறை சுற்றித் திரும்பினால் வந்த வழி எதுவென்று தெரியாது. ஆடு போனால்கூட அப்படித்தான்.

நாங்கள் பறக்கவிடுவது ரிமோட்டில் ஓட்டும் கிளைடர்கள், எஞ்சின் இல்லாத சின்ன விமானங்கள். கோடையில் காய்ந்த நிலத்திலிருந்து சூடான காற்று மேலே கிளம்பும்போது அதில் மாட்டிக்கொண்டால், ரிமோட்டுக்கு எட்டாத உயரத்துக்கு உறிஞ்சிக்கொண்டு போய்விடும். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செய்த பொருள், ஒரு சிகரெட் பிடிக்கிற நேரத்தில் புள்ளியாகி மறைந்துவிடும். பெரிய மனிதர்கள் அழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்காகத்தான் கீச்சான். நாங்கள் வைத்த பெயர். கட்டைவிரல் அளவு ரேடியோ, வாலாக ஒரு மெல்லிய கம்பி. விமானத்தின் வயிற்றில் வைத்து மூடிவிட்டால் வாரக்கணக்கில் கீச் கீச் என்று ஒலி அனுப்பிக்கொண்டே இருக்கும். தேடுகிறவன் கையில் ஒரு ரிசீவரும், பழைய டிவிக்கு மொட்டை மாடியில் வைத்தார்களே, அந்த மாதிரி மீன்முள் ஆன்டெனாவும் இருக்கும். மெல்லச் சுற்றி, சத்தம் எங்கே கூடுகிறதோ அந்தத் திக்கில் நடக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் பக்கத்தில் போய்விட்டால் எல்லாத் திக்கிலும் ஒரே சத்தமாகக் கேட்கும். அங்கேதான் ஆட்கள் கிறுக்குப் பிடித்தவர்கள்போல வட்டமடிப்பார்கள். அப்போது ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்தில் சுற்ற வேண்டும். உடம்பு மறைத்து எப்போது சத்தம் அடங்குகிறதோ, அப்போது விமானம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இதைக் கிளப்பில் என்னைப்போலச் செய்கிறவர்கள் கிடையாது. நாற்பது வருஷத்தில் நான் தேடப் போய் வெறுங்கையோடு திரும்பியதில்லை. கிளப் கொட்டகையில் டீ மேஜையின் தலைப்பக்க நாற்காலி என்னுடையது. யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.

நீங்கள் கேட்பது கிளிப்பைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

ஒரு கோடையில் காலினும் இன்னொருவரும் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், கீச்சான் வைத்துப் பறக்கவிட்டார்கள். காலினுடையது விழுந்தது. மனிதர் மத்தியானம் முழுக்க ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு சத்தத்தின் பின்னால் நடந்தார். சத்தம் அவரை ஊருக்குள் கூட்டிக்கொண்டு போய் மதுக்கடை வாசலில் நிறுத்தியது. மற்றவர் தன் விமானத்தை வண்டியில் போட்டுக்கொண்டு பீர் குடிக்க வந்திருந்தார்.

“தப்பான எடத்துக்குக் கூட்டிட்டுப் போச்சுன்னு யாருய்யா சொன்னா? சரியாத்தான் கூட்டிட்டுப் போச்சு” என்றார் காலின். இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறு வாரமே கொட்டகைச் சுவரில் ஒரு பலகை அடித்தேன். ஒவ்வொரு சேனலுக்கும் ஓர் எண். துணி காயப்போடுகிற மரக் கிளிப்பில் அவரவர் பெயர். கீச்சானை முடுக்கினால் உங்கள் கிளிப்பை அந்த எண்ணில் மாட்ட வேண்டும். அணைத்தால் எடுத்துவிட வேண்டும். கிளிப் தொங்கும்வரை அந்தச் சேனல் உங்களுடையது, வேறு யாரும் தொடக் கூடாது. தவறினால் அன்று எல்லோருக்கும் இறைச்சி பேஸ்ட்ரி வாங்கித்தர வேண்டும். விதி போட்டவன் நான். ஒரு தடவைகூட நான் வாங்கித்தந்ததில்லை.

இனி நோரீன். என் மனைவி.

மறதி நோய் வருவதற்கு முன்னால் அவள் என்னோடு தேட வருவாள். அவளுக்கு ரிசீவர் வேண்டாம். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நான் போகிற கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பாள். எங்காவது நின்றுவிடுவாள். நான் சுற்றிச் சுற்றி வந்து எடுத்துத் தூக்கிக் காட்டும்போது, “கிடைச்சுதா, வெர்ன்?” என்று கேட்பாள். எப்போதும் அதே கேள்வி, அதே குரல். எனக்கு அது பிடிக்கும்.

மறதி மெல்ல மெல்லத்தான் வந்தது. முதலில் அடுப்பு, பிறகு நாய் செத்துப்போன விஷயம், பிறகு நான். ஒரு நாள் காலையில் சமையலறைக்குள் நுழைந்தேன். மரியாதையாக எழுந்து நின்றாள்.

“நீங்க வெர்னோட ஃப்ரெண்டா, சார்? அவர் வர நேரமாகும். ஏதோ பிளேன் விழுந்துடுச்சாம். உக்காருங்க, டீ போடறேன்.”

அன்றிலிருந்து நான் சார். ஒரு வருஷத்துக்கும் மேலாக என் வீட்டில் நான் விருந்தாளியாக இருந்தேன். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், படுக்கையை மாற்றினேன். அதற்கெல்லாம் “உங்களுக்குத் தொந்தரவு, சார்” என்று நன்றி சொல்லுவாள். வெர்ன் வந்ததும் சொல்கிறேன் என்பாள். இதை யாராவது ஒரு வாரம் செய்து பார்க்கட்டும், அப்புறம் என்னைப் பற்றிப் பேசட்டும்.

வெளிவாசல் திறந்திருந்தால் நடந்துவிடுவாள். இரண்டு முறை காலின் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். அதற்குப் பிறகுதான் அவளுடைய பச்சை ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிரித்து, ஒரு கீச்சானை உள்ளே வைத்துத் தைத்தேன். பேட்டரி தீருவதற்குள் பிரித்து மாற்றிவிடுவேன். வேகாத வெயிலிலும் அந்த ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிய மனைவிக்கு ஆட்டுக்குப் போடுகிற மாதிரி அடையாளம் போட்டிருக்கிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ள முடியுமா? ஆனால் விதி விதிதான். ஒன்பதாம் சேனலில் என் கிளிப்பை மாட்டினேன்.

“வெர்ன், உன் ஒம்போது இறங்கவே இல்லையேய்யா. எந்தப் பிளேன் அது, நிலாவுக்குப் போயிருக்கா?” என்று காலின் அவ்வப்போது கிண்டல் செய்வார். பேட்டரி எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்கிறேன் என்றேன். நான் சொன்னால் நம்புவார்கள்.

அவள் பேசியதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நோய் இருப்பவர்கள் உளறுவார்கள் என்று டாக்டர் சொன்னார். நோரீன் உளறவில்லை. சாயங்காலம் டீயை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி கோர்வையாகப் பேசினாள்.

“உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, சார். அந்த மனுஷனுக்கு ஒரு பொருள் காணாமப் போனாத்தான் அது மேல ஆசையே வரும். நான் வீட்டுலயே இருந்து தொலைச்சேன்.”

நான் டீயைக் குடித்தேன். வேறென்ன செய்வது?

“தொலைஞ்சதக் கண்டுபிடிக்கறதுல பெரிய ஆளுன்னு எல்லாரும் கைதட்டறாங்க. பாதி நான் கண்டுபிடிச்சது. புல்லு சாஞ்சிருக்கறதப் பாத்தாத் தெரியாதா? பக்கத்துல போய் நின்னுக்குவேன். அவரா வந்து எடுக்கட்டும்னு வேற பக்கம் பாத்துக்கிட்டு நிப்பேன். பாவம், அது ஒண்ணுதானே அவருக்கு இருக்கு.”

இந்தப் ‘பாவம்’ இருக்கிறதே, அதை அவள் தினமும் சொன்னாள். நேற்றுச் சொன்னது அவளுக்கு மறந்துவிடும், எனக்கு மறக்காது. நாற்பது வருஷமாக நான் நடந்த ஒவ்வொரு கோட்டையும் மறுபடி நடந்து பார்த்தேன். அவள் எங்கே நின்றாள், நான் எங்கே எடுத்தேன். இராத்தூக்கம் போய்விட்டது.

மில்டுரா டவுனில் முதியோர் இல்லம் ஒன்றில் பெயர் கொடுத்து வைத்திருந்தோம். காலினின் மனைவி ஜேனட் அங்கேதான் நர்ஸ். ஒரு நாள் நோரீனைப் பழக்கப்படுத்துவதற்காகக் கூட்டிக்கொண்டு போய் மத்தியானம்வரை விட்டுவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீ மேஜையில் காலின் கேக்கில் ஒட்டிய தேங்காய்த்தூளைத் தட்டிக்கொண்டே கேட்டார்:

“என்ன வெர்ன், பாதி நோரீன் கண்டுபிடிச்சதாமே? ஜேனட் சொன்னா. அப்ப அந்த நாற்காலிய அவங்களுக்கில்ல குடுக்கணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லாத சிரிப்பு. நானும் சிரித்தேன். மறுநாள் இல்லத்திலிருந்து போன் வந்தது, படுக்கை ஒன்று காலியாகியிருக்கிறது, அடுத்த வாரம் கூட்டி வரலாம் என்று. இதற்கும் அவள் போனதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். அவளுக்கு அந்த இல்லம் ஒத்துக்கொண்டிருக்காது. நாள் முழுக்க நர்சுகள், பார்க்க வருகிறவர்கள், எல்லோரிடமும் பேசிக்கொண்டே இருந்திருப்பாள். அவளுக்கு அது நல்லதில்லை.

அவள் போன அன்றைக்கு வடக்கிலிருந்து அனல் காற்று. காக்கட்டூக் கிளிகள்கூடக் கத்தாமல் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒண்டிக்கொண்டிருந்தன. நான் பின் வராந்தாவில் ஒரு வால் இறக்கைக்குப் பசை போட்டுக்கொண்டிருந்தேன். வாசலை நான் திறந்துவிடவில்லை. தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, அவ்வளவுதான். தலை நிமிர்ந்தபோது அவள் வேலிக்கு அந்தப் பக்கம் மணலில் நடந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

நான் எழுந்து நின்றேன். ஓடவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு இடதுபுறம், இரண்டாவது வேலிக்கம்பத்துக்கு நேராக அடையாளம் வைத்துக்கொண்டேன். கண்ணை எடுக்கவில்லை. பச்சை ஸ்வெட்டர் மணல்மேட்டில் ஏறியது, மேட்டின் மேல் கொஞ்சம் நின்றது, மறுபக்கம் இறங்கியது. அதற்குப் பிறகும் நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு பசை காய்வதற்குள் வால் இறக்கையை ஒட்டி முடித்தேன்.

சாயங்காலம் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் உடனே வந்தீர்கள், குறை சொல்ல முடியாது. கிளப் கொட்டகையில் வரைபடத்தை விரித்து, “வெர்ன், இந்தப் பக்கத்த உங்களவிட யாருக்குத் தெரியும்? எங்க ஆரம்பிக்கலாம் சொல்லுங்க” என்றீர்கள். நான் தெற்கே உப்பு ஏரியைக் காட்டினேன். அவளுக்கு ஏரி பிடிக்கும் என்றேன். அது பொய்யில்லை, பிடிக்கும்தான். ஊரே தெற்கே போனது. ஹெலிகாப்டரும் அங்கேதான் சுற்றியது. அதற்காக நீங்கள் உங்களை நொந்துகொள்ள வேண்டாம். என் பேச்சைக் கேட்காமல் யார் தேடியிருப்பார்கள்?

ரிசீவர் என் வண்டியில் இருந்தது. அதன் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வடக்கே கீச் கீச் என்று ஒழுங்காகக் கேட்டது. நல்ல கீச்சான் அது.

மறுநாள் காலையில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. எப்படியும் ஒரு நாள் வடக்கே போவீர்கள், அவளைக் கண்டுபிடிப்பீர்கள். ஸ்வெட்டர் ஓரத்தில் கீச்சான் இருந்தால், அதைக் கேட்டு ஏன் நான் தேடவில்லை என்ற கேள்வி வரும். வடக்கு வேலி அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று உங்களிடம் சொன்னேன். “வெயில் ஏறுது, இத வெச்சுக்குங்க” என்று தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பினீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

திரும்பி வந்தேன். கொட்டகைக்குள் ஆட்கள் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். நான் நேராகப் பலகைக்குப் போய், ஒன்பதிலிருந்து என் கிளிப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, சார்ஜென்ட். கீச்சானை அணைத்தாயிற்று, கிளிப்பை எடுக்க வேண்டும். கை அதுபாட்டுக்குச் செய்தது. காலின் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் இறங்காத ஒன்பது, என் மனைவி காட்டில் கிடக்கிற நாளில் இறங்கியதை. சாண்ட்விச்சைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். நீங்கள் அவளைக் கண்டெடுத்து, ஸ்வெட்டரின் ஓரம் கத்தரிக்கோலால் சீராகப் பிரிக்கப்பட்டிருந்ததை அவரிடம் சொன்ன பிறகு, அவர் உங்களிடம் வந்திருக்கிறார். தவறு என்று சொல்ல மாட்டேன். கிளப்பில் அந்த விதியை ஒழுங்காகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

அவள் எப்போது இறந்தாள் என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். அது எனக்குத் தெரியாது. நான் போனபோது இறந்திருக்கவில்லை.

இரண்டாவது மணல்மேட்டைத் தாண்டியதும் சத்தம் எல்லாத் திக்கிலும் ஒன்றாகிவிட்டது. ஆன்டெனாவைக் கழற்றினேன். ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுற்றினேன். சத்தம் அடங்கிய இடத்தில் நின்றேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். மல்லீத் தண்டுகளின் நடுவே, நிழல் என்று சொல்ல முடியாத நிழலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. உதடு வெடித்து, முகமெல்லாம் ஈ. உயிரோடு இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். “கிடைச்சுதா, வெர்ன்?” என்றாள்.

அதே குரல். சார் இல்லை. வெர்ன்.

“கிடைச்சிருச்சு” என்றேன்.

“அப்ப வீட்டுக்குப் போலாம். எவ்ளோ நேரமா நிக்கறேன் தெரியுமா?”

உங்கள் பாட்டிலிலிருந்து இரண்டு வாய் தண்ணீர் கொடுத்தேன். பாட்டிலை அங்கே வைத்துவிட்டு வர முடியாது, உங்கள் ஸ்டேஷன் பெயர் அதில் ஒட்டியிருந்தது. ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிரித்துக் கீச்சானை எடுத்து அணைத்தேன். நான் பிரித்து முடிக்கிறவரை, குழந்தை சட்டை மாட்டிக்கொள்ளும்போது கையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டிருந்தாள். கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம், நடக்க வைத்தோ தூக்கியோ. ஆனால் டீ நேரத்துக்குள் மறுபடி மறந்திருப்பாள். மறுபடி நான் சார் ஆகியிருப்பேன். என் பெயரைச் சொன்ன இடத்தில் அவளை விட்டு வருவது நல்லதென்று தோன்றியது. அது கருணை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

“நீ இங்கயே இரு. எம் மேலயிருந்து கண்ண எடுக்காத” என்றேன்.

மணல்மேட்டின் மேல் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடி அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? போடுகிறேன். ஒரே ஒரு விஷயம், காலினைப் பார்க்கும்போது சொல்லிவிடுங்கள். இந்தத் தடவை பாதியெல்லாம் இல்லை. யாரும் பக்கத்தில் நின்று காட்டவில்லை. அவளை நானேதான் கண்டுபிடித்தேன்.